காதுக்கு அளவெடுப்போம்

செருப்புக்கு எண் உண்டு. சட்டைக்கு அளவு உண்டு. இயர்போனின் ரப்பர் முனைக்கோ சிறிது, நடுத்தரம், பெரிது என்று பெரும்பாலும் மூன்றே அளவுகள்தாம். ஆனால் காதுகள் மூன்று வகைக்குள் அடங்கிவிடுவதில்லை. ஒருவருடைய வலக் காதும் இடக் காதுமே முற்றிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. அதனால்தான் சிலருக்கு இயர்போன் நழுவிக்கொண்டே இருக்கிறது. சிலருக்கு அரை மணியில் காது வலிக்கிறது. நம் காதின் வடிவத்துக்கே பொருந்தும் சிலிகோன் உறை ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ள முடியுமா? முடியும். ஆனால் எதுவரை செய்யலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

இடைவெளியால் வரும் வினை

பாட்டுக் கேட்கும்போது இயர்போனை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். மிருதங்கத்தின் தொப்பி ஒலி சட்டென்று கூடும். காதுக்கும் இயர்போனுக்கும் நடுவே இருந்த இடைவெளி அடைபட்டதே இதற்குக் காரணம். வாஷர் தேய்ந்த சைக்கிள் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். மெதுவாக அழுத்தினால் காற்று கசிந்துவிடும். வேகமாக அழுத்தினால் கசிய நேரமின்றி அழுத்தம் ஏறும். தாழ்ந்த சுருதியில் காற்று மெதுவாக அதிர்வதால் அதன் அழுத்தம் இடைவெளி வழியே கசிந்துவிடுகிறது. உயர்ந்த சுருதி ஒலிக்கு அவ்வளவு இழப்பு இல்லை.

இழந்ததை ஈடுசெய்ய நாம் ஒலியைக் கூட்டுகிறோம். அதே இடைவெளி வழியே பேருந்து இரைச்சலும் நுழைவதால் மேலும் கூட்டுகிறோம். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. பெரியவர்கள் 80 டெசிபல் ஒலியை வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ள எல்லை. 3 டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரு மடங்காகிறது. ஆகவே கேட்கும் நேரம் பாதியாக வேண்டும். 83 டெசிபலுக்கு 20 மணி, 86-க்கு 10 மணி, 89-க்கு 5 மணி! உட்செவியில் ஒலியை உணரும் மயிரணுக்கள் அழிந்துவிட்டால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. எனவே பொருத்தமான உறை வெறும் வசதிக்காக மட்டுமல்ல. குறைந்த ஒலியிலேயே தெளிவாகக் கேட்கவும் அது உதவும்.

சிலிகோன் ஏன்?

சிலிக்கன் அணுவும் ஆக்சிஜன் அணுவும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலியே சிலிகோன். அது வியர்வையால் கெடாது. உடல் வெப்பத்தில் இளகாது. வளைத்து விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும். காது அடைப்பான் செய்வதற்கென்றே விற்கப்படும் சிலிகோன், பிசைந்த மாவு போல இரண்டு பகுதிகளாக வரும். இவ்வகையில் பெரும்பாலும் பிளாட்டினச் சேர்மம் வினையூக்கியாக இருக்கும். இரண்டையும் பிசைந்ததும் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து சில நிமிடங்களில் ரப்பராக இறுகும். கந்தகம் இந்த வினையைத் தடுக்கும். எனவே லேடெக்ஸ் கையுறை அணிந்து பிசையாதீர்கள்.

குளியலறை இடுக்குகளை அடைக்கும் சிலிகோன் பசையைக் காதருகே கொண்டுபோகவே கூடாது. அதில் பலவகை, இறுகும்போது புளிக்காடியின் அமிலமான அசெட்டிக் அமிலத்தை வெளிவிடும்.

செய்முறை

காதில் வலி, சீழ், செவிப்பறையில் துளை, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் இம்முயற்சி வேண்டாம். சிறுவர்களுக்கும் செய்ய வேண்டாம். முதலில் இயர்போனை அதன் ரப்பர் முனையுடன் காதில் நன்கு பொருத்துங்கள். செவிக்குழாயின் வாயை அந்த முனை மூடியிருக்க வேண்டும். சம அளவு எடுத்த இரு பகுதிகளையும் நிறம் ஒன்றாகும்வரை பிசைந்து, இயர்போனைச் சுற்றியுள்ள காது மடலின் குழியில் மட்டும் மெல்ல அழுத்துங்கள். இயர்போனில் காற்றுத்துளை இருந்தால் அதை மூடாதீர்கள்.

இறுகும்வரை பேசவோ மெல்லவோ கூடாது. ஏன் தெரியுமா? சுண்டு விரலைக் காதின் வாயில் வைத்து, வாயைத் திறந்து மூடுங்கள்; காதின் சுவர் அசைவதை உணர்வீர்கள். தாடை மூட்டு காதுக்குச் சற்று முன்னால்தான் இருக்கிறது. பெட்டியில் குறித்த நேரம் ஆனதும் உறையின் மேற்பகுதியை முதலில் விடுவித்து, மெல்லத் திருப்பி எடுங்கள். சோப்பு நீரில் துடைத்து உலர்த்துங்கள்.

எல்லைக் கோடு

செவிக்குழாயின் நீளம் ஏறத்தாழ 2.5 செ.மீ. அது நேராக இல்லாமல் வளைந்து செல்கிறது. உட்பகுதியில் எலும்பின் மேல் மெல்லிய தோல் மட்டுமே உண்டு. முடிவில் இருக்கும் செவிப்பறையின் தடிமனோ சுமார் 0.1 மி.மீ.தான்! காது கேட்கும் கருவிக்கு அச்செடுக்கும் நிபுணர், முதலில் விளக்குக் கருவியால் உள்ளே பார்க்கிறார். நூல் கட்டிய பஞ்சுத் தடையை வைக்கிறார். பிறகே சிலிகோனைச் செலுத்துகிறார். தடையின்றி ஊற்றினால் அது செவிப்பறைமீதே ஒட்டிக்கொள்ளும். பறையில் துளை இருந்தால் நடுச்செவிக்குள் புகுந்துவிடும். அப்படிப் புகுந்த சிலிகோனை அறுவைச் சிகிச்சை செய்து எடுக்க நேர்ந்ததும் உண்டு. ஆகவே குழிவரை நம் கைவேலை. குழாய்க்குள் நிபுணரின் வேலை.

உறை தயாரானதும் ஒலியளவை வழக்கத்தைவிட இரண்டு படி குறைத்து வைத்துக் கேளுங்கள். தொப்பி ஒலி தெளிவாகக் கேட்டால் உங்கள் வேலை வெற்றி. அந்த அளவிலேயே தொடர்ந்து கேளுங்கள். சாலையில் நடக்கும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். பின்னால் வரும் வண்டியின் ஹாரன் உங்கள் காதில் விழ வேண்டும்!