இளம்பெண்களின் மார்பகப் புற்றுநோய்: கட்டியைக் கண்ட பின் கரையும் நாள்கள்

விழிப்புணர்வு இல்லாததால்தான் ஏழைப் பெண்கள் நோய் முற்றிய பின் மருத்துவமனைக்கு வருகிறார்கள் என்று ஒவ்வோர் அக்டோபரிலும் சொல்லப்படுகிறது. இக்கூற்று, அமைப்பின் பிழையைப் பெண்ணின் பிழையாக மாற்றிவிடுகிறது.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 98 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர். 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பயிற்சி பெற்ற பணியாளர் மார்பகங்களைக் கையால் பரிசோதிக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30-49 வயதுப் பெண்களில் ஒருமுறையேனும் இப்பரிசோதனை செய்துகொண்டவர்கள் 0.9 விழுக்காட்டினரே. தமிழ்நாட்டிலும் 5.6 விழுக்காடுதான்.

முப்பதுக்குக் கீழுள்ள பெண்களோ இத்திட்டத்துக்குள்ளேயே வருவதில்லை. இளவயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருக்கும். மாமோகிராம் படத்தில் அத்திசுவும் வெள்ளையாகத் தெரியும், கட்டியும் வெள்ளையாகத் தெரியும். எனவே கட்டி தென்பட்ட இளம்பெண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேனும், தேவையெனில் ஊசிவழித் திசுப் பரிசோதனையுமே வழி. தாய்க்கோ சகோதரிக்கோ இளவயதில் மார்பகப் புற்றுநோயோ, எவ்வயதிலேனும் சூலகப் புற்றுநோயோ வந்திருந்தால், மரபணுப் பரிசோதனை குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

இளவயதில் தோன்றும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இந்த உண்மையே பல வேளைகளில் ஆபத்தாகிறது. “இந்த வயதில் வராது” என்றோ, பாலூட்டும் தாயிடம் “பால் கட்டியிருக்கிறது” என்றோ சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் இளம்பெண்களுக்கு வரும் புற்றுநோய் விரைந்து வளரும் வகையாக இருக்கும் வாய்ப்பு அதிகம். மார்பிலோ அக்குளிலோ கட்டி, தோலில் குழி, காம்பு உள்ளிழுத்தல், இரத்தக் கசிவு, ஆரஞ்சுத் தோல் போன்ற தடிப்பு ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் காத்திருக்கக் கூடாது. வலி இல்லை என்பது பாதுகாப்புக்கு அடையாளமல்ல.

ஆகவே இளம்பெண்களைப் பொறுத்தவரை, கட்டியை உணர்ந்த நாளுக்கும் நோய் உறுதியாகும் நாளுக்கும் இடையிலான இடைவெளியைக் குறைப்பதே ‘ஆரம்பநிலைக் கண்டறிதல்’. முதன்முதலில் மருத்துவரிடம் வந்த 60 நாள்களுக்குள் நோயறிதல் முடிய வேண்டும் என்பது 2023இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட செயற்சட்டகத்தின் இலக்கு.

அந்த 60 நாள்கள் எல்லாப் பெண்களுக்கும் ஒன்றல்ல. விவசாயக் கூலியாகவோ தூய்மைப் பணியாளராகவோ உழைக்கும் தலித் பெண்ணுக்கு, ஆரம்ப சுகாதார நிலையம், வட்ட மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி என ஒவ்வொரு படியும் ஒருநாள் கூலியின் இழப்பு. ஸ்கேனுக்கு ஒருநாள், திசு எடுக்க ஒருநாள், முடிவு வாங்க ஒருநாள் என அலையவைத்தால் இடையில் அவர் நின்றுவிடுவது அறியாமையால் அல்ல.

இன்னொன்றையும் நாம் பேசியாக வேண்டும். மார்பகப் பரிசோதனை தொட்டுச் செய்யப்படுவது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளிடையே சங்கமித்ரா ஆச்சார்யா நடத்திய ஆய்வு, சுகாதாரப் பணியாளர்கள் நோயாளியைத் தொடாமல் தவிர்ப்பதைப் பதிவு செய்தது. தொடத் தயங்கும் கையால் கட்டியைக் கண்டறிய முடியாது.

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்கள் வெள்ளையினப் பெண்களைவிட 40 விழுக்காடு கூடுதலாக இந்நோயால் இறக்கிறார்கள் என்பது, இனவாரியாகக் கணக்கெடுத்ததால் தெரியவந்தது. 2024இல் அந்நாட்டின் தடுப்புப் பணிக்குழு, மாமோகிராம் தொடங்கும் வயதை 40 என அறிவித்தபோது இவ்வேற்றுமையையும் சுட்டிக்காட்டியது. இங்கும் புற்றுநோய்ப் பதிவேடுகள் சாதிவாரித் தரவுகளை வெளியிட வேண்டும். ஸ்கேனும் திசுப் பரிசோதனையும் ஒரே நாளில் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலேயே முடிய வேண்டும். பரிசோதனை நாள்களுக்குக் கூலி இழப்பீடு வேண்டும். கல்லூரி மாணவர்களும் இயக்கத் தோழர்களும் துண்டறிக்கை கொடுப்பதோடு நில்லாமல், தம் மாவட்டத்தில் நோய் உறுதியாக எத்தனை நாள்கள் ஆகின்றன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே கேட்கத் தொடங்கலாம்.