பான்ஷியின் தலைப்பகுதி: இறுதியாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய உறுப்பு

யமஹா நிறுவனம் 1987ஆம் ஆண்டு முதல் 2006 வரை அமெரிக்கச் சந்தையில் விற்ற பான்ஷி 350, மணல்மேடுகளில் ஓட்டப்படும் நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டிகளுள் தனி இடம் பெற்றது. நீரால் குளிர்விக்கப்படும் அதன் இரட்டைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சின், சாலையில் ஓடிய ஆர்.இசட்.350 மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தது. 64 மில்லிமீட்டர் சிலிண்டர் துளை, 54 மில்லிமீட்டர் பிஸ்டன் ஓட்டம், 347 சி.சி. கொள்ளளவு என்ற அதன் அளவுகள், இந்தியாவில் ராஜ்தூத் 350 என்ற பெயரில் ஓடிய வண்டிக்கும் உரியவை. கலிபோர்னியாவின் கிளாமிஸ் மணல்வெளியிலும் யூட்டா, ஐடஹோ மாநிலங்களின் மணல்மேடுகளிலும் இந்த எஞ்சினைத் திருத்தி வலுவூட்டுவது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்துள்ளது. அக்கலையில் புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் முதலில் வாங்கும் உறுப்பு சிலிண்டர் ஹெட் எனப்படும் தலைப்பகுதி. உண்மையில் அது கடைசியாகத் தீர்மானிக்கப்பட வேண்டியது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வாயுக்கள் உள்ளே வருவதும் வெளியேறுவதும் சிலிண்டர் சுவரில் வெட்டப்பட்ட போர்ட் எனும் துளைகள் வழியே நிகழ்வதால், தலைப்பகுதியில் வால்வோ கேம் ஷாஃப்ட்டோ இல்லை. ஸ்பார்க் பிளக்கைத் தாங்கி, எரி அறைக்குக் கூரையாக அமைந்து, வெப்பத்தை நீருக்குக் கடத்துவதே அதன் வேலை. பார்ப்பதற்கு எளிய இந்த அலுமினியத் துண்டு, எரிபொருள் கலவை எவ்வளவு அமுக்கப்படுகிறது, எவ்வளவு வேகமாக எரிகிறது, எரியும்போது பிஸ்டன் பிழைக்கிறதா என்ற மூன்றையும் தீர்மானிக்கிறது.

முதலில் அமுக்க விகிதம். பிஸ்டன் கீழிருந்து மேலே செல்லும்போது கடக்கும் கொள்ளளவு பான்ஷியின் ஒரு சிலிண்டருக்கு 173.7 சி.சி.; பிஸ்டன் உச்சியை அடைந்த பின் அதற்கு மேல் எஞ்சும் இடம் 15 சி.சி. என்றால், இரண்டையும் கூட்டி 15ஆல் வகுக்கக் கிடைக்கும் 12.6 என்பதே வடிவியல் அமுக்க விகிதம். எஞ்சும் இடத்தை 13 சி.சி. ஆக்கினால் அது 14.4 ஆக உயர்கிறது. இரண்டே சி.சி. இத்தனை மாற்றத்தைத் தருவதால்தான் சந்தையில், மாற்றுத் தலைகளில் கழற்றி மாற்றத்தக்க எரி அறைக் கிண்ணங்கள் ஒவ்வொரு சி.சி. வேறுபாட்டில் விற்கப்படுகின்றன. எனினும், கிண்ணத்தின் மீது பொறிக்கப்பட்ட எண் கிண்ணத்தின் கொள்ளளவை மட்டுமே குறிக்கிறது. பிஸ்டனின் மேல்வளைவு அதற்குள் நுழைந்து அடைக்கும் இடத்தையும், பிஸ்டன் விளிம்புக்கும் தலைக்கும் இடையிலுள்ள இடைவெளியையும் அது அறியாது. இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. எக்ஸாஸ்ட் போர்ட் மூடப்படும் வரை கலவை அமுக்கப்படுவதில்லை என்பதால், ஓட்டத்தில் ஏறத்தாழப் பாதியே உண்மையான அமுக்கத்திற்குப் பயன்படுகிறது, 12.6 என்று கணக்கிடப்பட்ட விகிதம் இந்த அடிப்படையில் 6.8 அளவுக்கு இறங்கிவிடும். கூடுதல் குதிரைத்திறனுக்காக எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தி வெட்டியவரின் எஞ்சினில் அது இன்னும் குறையும். எனவே போர்ட் வேலை முடியாமல் தலையைத் தேர்ந்தெடுப்பது, எந்த எஞ்சினுக்கு என்று தெரியாமலேயே தேர்ந்தெடுப்பதாகும்.

அமுக்க விகிதத்தை விடவும் கவனம் பெற வேண்டியது ஸ்குயிஷ் என்ற அமைப்பு. எரி அறையின் நடுவில் குழிவும், சுற்றி ஒரு தட்டையான வளையமும் இருக்க, பிஸ்டன் உச்சியை நெருங்கும்போது அந்த வளையத்தின் அடியில் அகப்பட்ட கலவை நடுவை நோக்கிப் பிதுக்கப்பட்டுச் சுழல்கிறது. அச்சுழற்சி தீயை விரைவாகப் பரவச் செய்கிறது. முதல் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் பக்கவாட்டு வால்வு எஞ்சின்களுக்காக ஹாரி ரிக்கார்டோ வளர்த்தெடுத்த கருத்து இது. வளையம் துளைப் பரப்பில் பாதியை மூட வேண்டுமானால், 64 மில்லிமீட்டர் துளையில் குழிவின் விட்டம் சுமார் 45 மில்லிமீட்டராகவும் வளையத்தின் அகலம் 9.4 மில்லிமீட்டராகவும் அமையும். ஸ்குயிஷ் இடைவெளி குறுகலாக இருந்தால், அதில் எஞ்சும் மெல்லிய கலவைப் படலம் இரு பக்க உலோகத்தாலும் குளிர்ந்து, தீ வந்து சேரும் முன் தானாக வெடிக்காமல் அடங்கியிருக்கும். இடைவெளி 2 மில்லிமீட்டர் அளவுக்கு விரிந்தால் அதே கலவை சூடேறி, அழுத்தம் தாளாமல் ஒரே நொடிப்பொழுதில் வெடிக்கிறது. மெக்கானிக்குகள் நாக்கிங் என்று சொல்லும் இந்த வெடிப்பு பிஸ்டனின் விளிம்பை அரித்துத் தின்றுவிடும். தலைக்கும் சிலிண்டருக்கும் இடையில் தடித்த கேஸ்கெட் போட்டு அமுக்கத்தைக் குறைத்தால் பாதுகாப்பு என்ற நம்பிக்கை இதனாலேயே பொய்க்கிறது: அமுக்கம் குறைந்தாலும் ஸ்குயிஷ் இடைவெளி விரிவதால் நாக்கிங் அபாயம் கூடவும் வாய்ப்புண்டு. மறுபுறம், அதிவேகத்தில் கனெக்டிங் ராட் சற்றே நீள்வதாலும் பேரிங் தளர்வாலும் பிஸ்டன் தலையைத் தொடாதிருக்கவும் இடம் வேண்டும்; இந்த அளவு எஞ்சின்களில் 1 முதல் 1.3 மில்லிமீட்டர் வரை வைப்பது வழக்கம். மென்மையான சால்டர் கம்பியைப் பிளக் துளை வழியே சிலிண்டர் சுவர் வரை நுழைத்து, கிராங்கைக் கையால் சுற்றி, நசுங்கிய முனையை அளப்பதே இதை அறியும் எளிய வழி. பிஸ்டன் சாய்ந்து தவறான அளவு காட்டாதிருக்க, பிஸ்டன் பின்னின் திசையில் இரு பக்கமும், இரு சிலிண்டரிலும் அளக்க வேண்டும்.

கிராங்கை மாற்றியவர்களுக்கு இந்த அளவீடு இன்றியமையாதது. 4 மில்லிமீட்டர் கூடுதல் ஓட்டமுள்ள கிராங்க் கொள்ளளவை ஏறத்தாழ 373 சி.சி. ஆக்குகிறது, ஆனால் பிஸ்டன் மேலேயும் 2 மில்லிமீட்டர் கூடுதலாக ஏறுவதால், பழைய தலையை அப்படியே பொருத்தினால் மோதிவிடும். அதற்கென ஆழமாக வெட்டிய கிண்ணமே வேண்டும்.

தொழிற்சாலைத் தலை இரு சிலிண்டருக்கும் பொதுவான ஒரே வார்ப்பு. அதைக் கடைந்து திருத்தலாம் என்றாலும், ஒருமுறை நீக்கிய உலோகம் திரும்பி வராது. ப்ரோ டிசைன் நிறுவனத்தின் கூல் ஹெட் போன்ற மாற்றுத் தலைகளில் நீர் சூழும் வெளி உறையும், உள்ளே கழற்றி மாற்றத்தக்க தனித்தனிக் கிண்ணங்களும், கேஸ்கெட்டுக்குப் பதிலாக ஓ-ரிங்குகளும் உள்ளன. கேஸ்கெட்டின் தடிமன் மறைவதால் ஸ்குயிஷ் இடைவெளி மாறும் என்பதையும், ஓ-ரிங் சரியாக அடைக்கச் சிலிண்டரின் மேற்பரப்பு சமதளமாக இருக்க வேண்டும் என்பதையும் வாங்குவோர் மறக்கலாகாது. விலை கூடுதலானாலும் பல இடங்களில் ஓட்டுபவருக்கு இதுவே தகுந்தது. கடல் மட்டத்தை ஒட்டிய கிளாமிஸில் நாக்கிங் வராதிருக்க வைத்த கிண்ணம், காற்றழுத்தம் ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறையும் 1,500 மீட்டர் உயரத்தில் மந்தமாகத் தோன்றும். உயரத்திற்கென வைத்த சிறிய கிண்ணமோ கீழே வந்ததும் பிஸ்டனை அழிக்கும்.

எரிபொருளும் இத்தேர்வைக் கட்டுப்படுத்துகிறது. கலிபோர்னியா பெட்ரோல் நிலையங்களில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோலில் ஓட்ட நினைப்பவர், 110 ஆக்டேன் பந்தய எரிபொருள் ஊற்றுபவரின் கிண்ணத்தைப் பார்த்து வாங்கக் கூடாது. எக்ஸ்பான்ஷன் சேம்பர் எனப்படும் வீங்கிய புகைபோக்கி, வெளியேறிய கலவையை அழுத்த அலையால் மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுவதால், அது சிறப்பாக வேலை செய்யும் வேகத்தில் உண்மை அழுத்தம் கணக்கை மிஞ்சும் என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

தலையைப் பொருத்தியபின் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் படிப்படியாக இறுக்கி, முதல் சில ஓட்டங்களுக்குப் பின் இரு பிளக்குகளையும் கழற்றி வெளிச்சத்தில் பார்ப்பது அவசியம். வெண்ணிறப் பீங்கானில் மிளகுத்தூள் போல அலுமினியப் பொடி ஒட்டியிருந்தால் அது பிஸ்டனிலிருந்து பெயர்ந்தது. அந்த எஞ்சினை மேலும் ஓட்டாமல், ஸ்குயிஷ் இடைவெளியையும் எரிபொருளையும் கார்புரேட்டர் ஜெட்டையும் சரிபார்த்து, அவை சரியாக இருப்பின் ஒரு சி.சி. பெரிய கிண்ணத்திற்கு மாற வேண்டும்.