பதிப்பு மாற்றமும் பரிசோதனையும்: வணிக மென்பொருட் பெயர்வு பற்றிய ஒரு நோக்கு

1

பதிப்பு என்னுஞ் சொல் எமது துறையினருக்கு நன்கு பழக்கமானது. ஏட்டுச் சுவடிகளிலிருந்து தமிழ் நூல்கள் அச்சுக்குப் பெயர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் கிடைத்த பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கிப் பாடபேதங்களை ஆராய்ந்து நூல்களை வெளியிட்டனர். பழைய ஊடகத்தில் இருந்தது புதிய ஊடகத்துக்குச் சிதைவின்றி வந்து சேர்ந்ததா என்னும் வினாவே அவர்தம் உழைப்பின் அடிப்படையாக இருந்தது. இன்று அதே சொல் கணினி மென்பொருள் தொடர்பாகவும் வழங்குகின்றது. வங்கிகளும் தொழிற்சாலைகளும் அரச திணைக்களங்களும் தத்தம் கணக்குகளையும் சம்பளப் பதிவுகளையும் பழைய பதிப்பொன்றிலிருந்து புதிய பதிப்பொன்றுக்கு மாற்றிக்கொண்டேயிருக்கின்றன. அங்கும் எழும் வினா அதுவே. ஆயின், சுவடிப் பதிப்பில் நேரும் பிழை வாசகரின் பொருளுணர்வைப் பாதிக்கும். மென்பொருட் பெயர்வில் நேரும் பிழையோ ஒரு குடும்பத்தின் மாத வருவாயையே முடக்கிவிடலாம்.

இப்பெயர்வின்போது நடைபெறும் பரிசோதனை, தொழில்நுட்பவியலாளரின் தனிக் கருமமாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. அது எவ்வாறு நடைபெறுகின்றது என்பதை விளக்குவதும், அதன் வெற்றி தோல்விகளைத் தீர்மானிப்பன தொழில்நுட்பக் காரணிகள் மட்டுமல்ல என்பதைக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

2

நன்கு இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளை ஏன் மாற்றவேண்டும் என்பது முதலில் எழும் கேள்வியாகும். இயந்திரம் இருவகைத் தேய்மானத்துக்கு உட்படுகின்றது என்பதை மார்க்ஸ் 'மூலதனம்' முதலாம் பாகத்திலே (1867) எடுத்துக்காட்டினார். ஒன்று, பாவனையாலும் காலத்தாலும் நேரும் பௌதிகத் தேய்மானம். மற்றையது, அதனிலும் மலிவான அல்லது சிறந்த இயந்திரம் தோன்றுவதால் நேரும் மதிப்பிழப்பு. மென்பொருளைப் பொறுத்தவரை முதலாவது இல்லை. பத்தாண்டுகள் ஓடிய நிரலின் ஒரு வரியேனும் தேய்வதில்லை. இரண்டாவது மட்டுமே உண்டு. அதனையும் விற்பனையாளரே நாட்குறித்து உண்டாக்க முடியும் என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது. ஜேர்மனியின் எஸ். ஏ. பி. நிறுவனம், உலகெங்கும் பெருநிறுவனங்களின் கணக்கு, கொள்வனவு, சம்பளம் ஆகியவற்றை நடத்தும் தனது பழைய மென்பொருட் தொகுதிக்கான வழமையான பராமரிப்பு 2027 இறுதியுடன் முடிவுறும் எனவும், மேலதிகக் கட்டணம் செலுத்துவோருக்கு 2030 வரை நீடிக்கப்படும் எனவும் 2020ஆம் ஆண்டில் அறிவித்தது. அவ்வறிவிப்பினால் பழைய நிரல் ஓடாமற் போய்விடவில்லை. ஆயின் அதனை வைத்திருப்பது நிறுவனங்களுக்கு ஓர் ஆபத்தாக மாறிற்று.

பாதுகாப்புக் குறைகளைத் திருத்தல், புதிய சட்டங்களுக்கு ஏற்ப ஒழுங்குசெய்தல் முதலிய நியாயமான தேவைகளும் பெயர்வுக்கு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், பெயர்வுக்கான நாளைப் பெரும்பாலும் வேலையின் இயல்பன்றி, ஒப்பந்தமும் செலவுக் கணக்குமே குறிக்கின்றன. பரிசோதனை இந்த நாளுக்கு உட்பட்டே நடைபெறவேண்டியதாகின்றது. முரண்பாட்டின் மூலம் இங்கேதான் உள்ளது.

3

பரிசோதனையின் படிகளைச் சுருக்கமாக நோக்குவோம். முதலில் நிரலின் சிறு கூறுகள் தனித்தனியே சோதிக்கப்படும். பின்னர் அக்கூறுகள் ஒன்றோடொன்று இணைந்து தொழிற்படுகின்றனவா என்பது பார்க்கப்படும். ஒரு பிழையைத் திருத்தும்போது முன்னர் சரியாயிருந்த பிறிதொன்று கெடக்கூடும். ஆதலின் ஒவ்வொரு திருத்தத்தின் பின்னரும் பழைய சோதனைகள் மீள நடத்தப்படவேண்டும். அடுத்து, ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கானோர் பயன்படுத்தினால் முறைமை தாங்குமா என்று அறியும் சுமைச் சோதனை. பின்னர், அன்றாடம் அதில் வேலைசெய்யப்போகும் எழுதுவினைஞர்களும் கணக்காளர்களும் தாமே பயன்படுத்திப் பார்த்து ஏற்பதும் நிராகரிப்பதுமான சோதனை. இறுதியாக, பெயர்வு முழுவதையும் நடத்திப் பார்க்கும் ஒத்திகையும், தவறு நேர்ந்தால் பழையதற்குத் திரும்பும் வழியின் சோதனையும்.

தரவுகளின் ஒப்பீடு இவற்றோடு சேர்ந்த தனிக் கருமமாகும். ஆயிரம் பேர் வேலைசெய்யும் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பதிவேட்டை எண்ணிப் பார்ப்போம். பழைய முறைமையிலும் புதியதிலும் ஆயிரம் பெயர்கள் உள்ளன. மொத்தச் சம்பளத் தொகையும் ஒன்றே. பெயர்வு சரியாக நடந்துவிட்டது என்று கூறலாமா? ஒருவரின் மேலதிக நேரக் கொடுப்பனவு தவறுதலாக மற்றொருவரின் பெயரிற் சேர்ந்திருந்தாலும் மொத்தம் மாறாது. நிர்வாகத்தின் பார்வையிற் கணக்குச் சரி. தன் உழைப்பின் கூலியை இழந்த தொழிலாளியின் பார்வையிலோ கணக்குப் பிழை. எனவேதான் இரு முறைமைகளையும் சில மாதங்கள் ஒருங்கே ஓட்டி, ஒவ்வொருவரின் சம்பளத்தையும் தனித்தனியே ஒப்பிடும் வழக்கம் உள்ளது. இது இரட்டிப்பு உழைப்பைக் கோருவது. ஆகவே செலவைக் குறைக்க முற்படும்போது முதலில் வெட்டப்படுவனவற்றுள் இதுவும் ஒன்றாகின்றது.

பரிசோதனையால் பிழைகள் இருப்பதைக் காட்டலாமேயன்றி, அவை இல்லையென்று நிறுவ முடியாது என்பதை டச்சு அறிஞர் டைக்ஸ்ற்ரா 1970ஐ அண்டிய ஆண்டுகளிலேயே வலியுறுத்தினார். பிழையைக் கண்டுபிடிக்கும் நோக்குடன் நிரலை இயக்குவதே பரிசோதனை எனக் கிளென்ஃபோர்ட் மையர்ஸ் 1979இல் வரையறுத்தார். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால், பரிசோதகரின் தொழில் சாராம்சத்தில் ஒரு விமரிசகரின் தொழில் என்பது புலனாகும். "எல்லாம் சரி" என்று சான்றிதழ் வழங்குவது அவரது பணியன்று. எது சரியில்லை என்று கூறுவதே அவரது பணி. அவ்வாறு கூறப்படுவதற்கு நிறுவனத்திலே என்ன வலு உண்டு என்பதே அடுத்த வினா.

4

பிரித்தானியாவின் ரி. எஸ். பி. வங்கியின் அனுபவம் இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு நல்லதோர் உரைகல்லாகும். 2008ஆம் ஆண்டு நிதி நெருக்கடியின்போது லொயிட்ஸ் வங்கிக் குழுமம் அரச பணத்தினாற் காப்பாற்றப்பட்டது. அதற்குரிய நிபந்தனையாக ஐரோப்பிய ஆணைக்குழு அதன் கிளைகளுட் சிலவற்றைப் பிரிக்குமாறு கோரியது. இவ்வாறு 2013இல் தனி வங்கியாக வெளிவந்ததே ரி. எஸ். பி. ஆகும். 2015இல் ஸ்பெயினின் சபாடெல் வங்கி அதனைச் சுமார் 170 கோடி பவுணுக்கு வாங்கியது. ஆயினும் கணக்குகள் யாவும் லொயிட்ஸின் கணினி முறைமையிலேயே இருந்தன. அதற்குப் பெருந்தொகைக் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. சபாடெலின் சொந்த முறைமையைப் பிரித்தானியாவுக்கு ஏற்ப மாற்றியமைத்து, சுமார் 52 இலட்சம் வாடிக்கையாளரின் கணக்குகளை அதற்குப் பெயர்ப்பது என்று தீர்மானிக்கப்பட்டது. முறைமையை அமைத்து நடத்தும் பொறுப்பு, சபாடெலின் துணைநிறுவனமான சபிஸிடம் இருந்தது.

2017 இறுதிக்குள் பெயர்வு முடியவேண்டும் என முதலில் நாட்குறிக்கப்பட்டது. வேலையின் அளவை எண்ணி அதிலிருந்து நாள் பெறப்படவில்லை. விரும்பிய நாளிலிருந்து பின்னோக்கி வேலை வகுக்கப்பட்டது. 2017 செப்ரெம்பரில் நாள் பிற்போடப்பட்டது. எனினும், ஒன்றன்பின் ஒன்றாக நடைபெறவேண்டிய சோதனைப் படிகள் ஒன்றின்மேலொன்றாக நடத்தப்பட்டன. பெயர்வும் சிறுசிறு பகுதிகளாகவன்றிப் பெரும்பாலும் ஒரே வார இறுதியில் நடத்துவதாகவே திட்டமிடப்பட்டது.

2018 ஏப்ரல் 20 தொடங்கி 22 வரையான வார இறுதியில் அது நடந்தேறியது. தரவுகள் சரியாகவே சென்றடைந்தன. புதிய முறைமையோ அவற்றைத் தாங்கி நிற்கவில்லை. சுமார் 19 இலட்சம் பேர் இணையவழியாகவும் கைத்தொலைபேசி வழியாகவும் தமது கணக்குகளை அணுக முடியாது தவித்தனர். கிளைகளும் தொலைபேசிச் சேவையும் பாதிப்புற்றன. அக்குழப்பத்தைப் பயன்படுத்தி மோசடியாளர் பலரின் பணத்தைத் திருடினர். நிலைமை முற்றாக வழமைக்குத் திரும்ப 2018 டிசெம்பர் ஆயிற்று. ஓராண்டுக்குள் 225,492 முறைப்பாடுகள் பதிவாயின. 2018இல் மட்டும் வங்கிக்கு ஏற்பட்ட செலவு சுமார் 33 கோடி பவுண்.

வங்கியின் பணிப்பாளர் சபை கோரியதற்கிணங்க ஸ்லோற்றர் அன்ட் மே என்னும் சட்ட நிறுவனம் தயாரித்த அறிக்கை 2019 நவம்பரில் வெளியாயிற்று. புதிய முறைமை ஒரே வேளையில் இயங்கும் இரு தரவு மையங்களைக் கொண்டிருந்தது. சுமைச் சோதனை அவற்றுள் ஒன்றிலே மட்டும் நடத்தப்பட்டது. இரண்டிற்குமிடையே அமைப்பு வேறுபாடுகள் இருந்தமை சோதனையில் வெளிப்படாது போயிற்று. அவ்வறிக்கையின் கண்டுபிடிப்புகளுள் முக்கியமானது இதுவாகும். சபிஸ் தான் ஆயத்தமாக இருப்பதாக வங்கிக்குக் கடிதம் வழங்கியிருந்தது. ஆனால் அது சார்ந்திருந்த பிற நிறுவனங்களின் கூற்றுகள் பல, நிறுவப்பட்டதைச் சொல்லாது, எதிர்பார்க்கப்பட்டதையே சொல்லின. நாளைப் பற்றி அக்கறை காட்டிய பணிப்பாளர் சபை, ஆயத்தநிலை பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகளைப் போதுமான அளவு கேட்கவில்லை.

5

இதனைச் சில அதிகாரிகளின் கவனக்குறைவாக மட்டும் விளக்க முயல்வது மேலோட்டமான பார்வையாகும். முதன்மை நிறைவேற்று அதிகாரி போல் பெஸ்ரர் 2018 செப்ரெம்பரிற் பதவி விலகினார். பிரித்தானிய ஒழுங்குபடுத்தல் அமைப்புகள் இரண்டும் 2022 டிசெம்பரில் வங்கிக்கு மொத்தம் 4 கோடி 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டம் விதித்தன. தகவல் தொழில்நுட்பத் தலைவராயிருந்த கார்லொஸ் அபார்க்காவுக்கு 2023 ஏப்ரலில் 81,620 பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டனை அவசியமானதே. ஆயின், தனிமனிதரைத் தண்டிப்பதால் நாளுக்கும் சோதனைக்கும் இடையிலான உறவு மாறிவிடுவதில்லை.

அவ்வுறவை உழைப்புப் பிரிவினையின் அடிப்படையிலேயே விளங்கிக்கொள்ள வேண்டும். சிந்திக்கும் பணியும் செய்யும் பணியும் வேறுபடுத்தப்பட்டு, முன்னையது நிர்வாகத்தின் ஏகபோகமாவதை ஹரி பிரேவர்மன் 1974இல் வெளியான தமது நூலிலே விரிவாக ஆராய்ந்தார். மென்பொருட் பெயர்விலே இப்பிரிவினை நாடுகளையும் நிறுவனங்களையும் கடந்து நீள்கின்றது. நாட்குறிப்பவர் ஓரிடத்தில், நிரல் எழுதுபவர் பிறிதோர் ஒப்பந்தக்காரரிடம், சோதிப்பவர் அதற்கும் கீழேயுள்ள உப ஒப்பந்தத்தில், வாடிக்கையாளரின் கோபத்தை நேரிற் சந்திக்கும் கிளை ஊழியர் இவை எவற்றிலும் இல்லை. பிழையை அறிந்தவருக்கு நிறுத்தும் அதிகாரமில்லை. நிறுத்தும் அதிகாரமுடையவருக்குப் பிழை தெரிவதில்லை. கீழிருந்து மேலே செல்லும் செய்தி, ஒவ்வொரு படியிலும் சற்று மென்மையடைந்து, இறுதியில் ஆயத்தக் கடிதமாக முடிகின்றது.

ரி. எஸ். பி. விடயத்தில் பிழை சில மணித்தியாலங்களிலேயே ஊரறிந்ததாயிற்று. பிழை மறைந்திருக்கும்போது நிகழ்வது இன்னும் கொடுமையானது. பிரித்தானியத் தபாலகங்களில் 1999 முதல் புகுத்தப்பட்ட ஹொரைசன் கணக்கு முறைமை இதற்குச் சான்றாகும். கணினி காட்டிய கணக்குக் குறைவுகள் உப தபாலதிபர்களின் களவாகக் கொள்ளப்பட்டன. 1999க்கும் 2015க்கும் இடையில் தொளாயிரத்துக்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர், சிலர் சிறைசென்றனர், பலர் வீடுவாசல் இழந்தனர். அம்முறைமையிற் குறைகள் இருந்தமையை 2019 டிசெம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்றுத் தீர்ப்பளித்தது. எஞ்சியிருந்த தீர்ப்புகளுட் பெரும்பாலானவற்றைத் தள்ளுபடி செய்ய 2024இல் பாராளுமன்றம் தனிச்சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. முறைமையைப் போதியளவு சோதிக்காதவிடத்து, முறைமைக்குப் பதிலாக மனிதரே சோதனைக்குள்ளாகின்றனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6

மேற்கூறியவற்றிலிருந்து தொழில்நுட்பத்தை வெறுக்கும் முடிவுக்கு வருவது தவறாகும். பழைய முறைமை என்பதனாலேயே ஒன்று மக்கள் சார்பானதாகிவிடாது. இயந்திரத்தை உடைத்த தொழிலாளர், இயந்திரத்துக்கும் அதனை மூலதனம் பயன்படுத்தும் முறைக்குமிடையே வேறுபாடு காணக் காலமும் அனுபவமும் தேவைப்பட்டன என்பது வரலாறு எமக்குக் கற்பித்த பாடமாகும். அவ்வேறுபாட்டை நாம் இங்கும் காணவேண்டும்.

பரிசோதனையின் தரத்தை அளக்கும் அளவுகோல், எத்தனை சோதனைகள் நடத்தப்பட்டன என்பதன்று; சோதனையின் முடிவு குறித்த நாளைத் தள்ளிவைக்கும் வலுவுடையதா என்பதே. அவ்வலு இல்லாதவிடத்துச் சோதனை வெறும் சடங்காகின்றது. அவ்வலுவை ஏற்படுத்துவதற்கு, முறைமையைப் பயன்படுத்தப்போகும் ஊழியர்கள் தமது வேலை நேரத்திலேயே, ஊதியத்துடன் சோதனையிற் பங்குபற்றவேண்டும். அவர்களது நிராகரிப்பு எழுத்தில், மென்மையாக்கப்படாது, முடிவெடுப்போரைச் சென்றடையவேண்டும். மொத்தங்களின் ஒப்பீட்டோடு அமையாது தனியாட்களின் கணக்குகளும் ஒப்பிடப்படவேண்டும். பழையதற்குத் திரும்பும் வழியை உண்மையாகவே நடத்திப் பார்த்திருக்கவேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்தையும் வேலை நேரத்தையும் பற்றிப் பேரம்பேசுவதுபோல் இவற்றையும் பேரம்பேசற்குரிய விடயங்களாகக் கொள்ளுதல் வேண்டும்.

பாடபேதத்தைக் கண்ட பதிப்பாசிரியர், ஐயம் தீரும்வரை அச்சை நிறுத்திவைக்கலாம். அந்நிறுத்தும் உரிமையே அவரது புலமைக்குச் சமூகப் பயன் அளித்தது. மென்பொருளைப் பரிசோதிக்கும் தொழிலாளிக்கும் அவ்வுரிமை வேண்டும். அது அவருக்குக் கிட்டாதவரை, ஒவ்வொரு புதிய பதிப்பின் முதற் பிழைதிருத்துநராகவும் சாதாரண மக்களே இருந்துகொண்டிருப்பர் என்பது எமது துணிபாகும்.