திறந்த லொறியும் மூடிய பெட்டியும்

நுவரெலியாவிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் மரக்கறி லொறிகளை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். கோவா, கரட், லீக்ஸ் என்பன சாக்குகளில் இறுக அடைக்கப்பட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, மேலே படங்கு கட்டப்பட்டிருக்கும். அடி மூட்டையிலுள்ள மரக்கறி நசுங்கிய நிலையில் சந்தையை அடைவதில் வியப்பில்லை. எமது நாட்டின் மரக்கறி, பழவகைகளில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நுகர்வோரை எட்டுமுன்னரே வீணாகின்றதென நீண்டகாலமாக மதிப்பிடப்பட்டு வருகின்றது. இந்நட்டத்தை விவசாயி குறைந்த விலையாகவும் நுகர்வோர் கூடிய விலையாகவும் சுமக்கின்றனர்.

இதற்கு மாற்றாகப் பலரும் சுட்டிக்காட்டுவது பெட்டி லொறியாகும். சாரதியின் பகுதிக்குப் பின்னே, அடிச்சட்டத்தின் மீது தனியாகப் பொருத்தப்பட்ட மூடிய பெட்டியைக் கொண்டது இவ்வாகனம். மழை, வெயில், தூசி, களவு ஆகியவற்றிலிருந்து அது பொருளைக் காக்கின்றது. மருந்து, மா, பிஸ்கட், மின் உபகரணங்கள் என்பவற்றுக்கு மிகவும் ஏற்றது.

ஆயினும் மரக்கறிக்கு வெறும் பெட்டி போதாது. பறிக்கப்பட்ட பின்னரும் மரக்கறி சுவாசிக்கின்றது. வெப்பத்தையும் ஈரத்தையும் வெளிவிடுகின்றது. காற்றோட்டமற்ற பெட்டியினுள் அவ்வெப்பம் தேங்குமாயின், திறந்த லொறியில் வாடும் மரக்கறி இங்கே அழுகிவிடும். எனவே காற்று வழிகளோ குளிரூட்டியோ இன்றியமையாதவை. குளிரூட்டியும் இருக்கும் குளிரைப் பேணுமேயன்றி, வெயிலில் கிடந்த மரக்கறியை விரைவில் குளிர்விக்காது. ஏற்றுமுன்னரே அதனைக் குளிர்விக்கும் வசதி விளைநிலத்துக்கு அண்மையில் இருத்தல் வேண்டும்.

செலவும் சிறிதன்று. குளிரூட்டி மேலதிக எரிபொருளைக் கோருகின்றது. பெட்டியின் எடையால் ஏற்றக்கூடிய சுமையும் குறைகின்றது. 2011 ஆம் ஆண்டின் இறுதியில் மரக்கறிகளைப் பிளாஸ்டிக் கூடைகளிலேயே கொண்டுசெல்ல வேண்டுமென்ற விதி நடைமுறைக்கு வந்தபோது விவசாயிகளும் வியாபாரிகளும் வீதிக்கு இறங்கியமை நினைவிருக்கலாம். நோக்கம் நல்லதாயினும், அதன் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விடை காணப்படாமையே அங்கு இடராயிற்று.

அதே தவறு மீண்டும் நேரலாகாது. தனித்து லொறி வாங்க இயலாத சிறு விவசாயிகள், கூட்டுறவுச் சங்கங்களின் ஊடாக இத்தகைய வாகனங்களைப் பகிர்ந்துகொள்ள வழிசெய்யலாம். இலகு கடனும் குளிர்விக்கும் நிலையங்களும் முதலில் வரட்டும். சட்டம் பின்னர் வரட்டும். வாகனத்தை மட்டும் மாற்றி விவசாயியின் நட்டத்தை மாற்ற முடியாது என்பதைச் சம்பந்தப்பட்டோர் உணர வேண்டுமென்பதே எமது வேண்டுகோளாகும்.