ஆறு சுற்று, ஒரு வெற்றியாளர்

கயிறு ஏறி, சேற்றில் தவழ்ந்து, மூச்சிரைக்க ஓடி முடித்தவரே மேசை முன் அமர்ந்து புதிர்த் துண்டுகளைப் பொருத்தவும் வேண்டும். பிரிட்டனில் கிரனாடா தொலைக்காட்சி 1977 முதல் 1995 வரை நடத்திய 'தி கிரிப்டான் ஃபேக்டர்' போட்டி அப்படித்தான். நடத்தியவர் கார்டன் பர்ன்ஸ்.

போட்டியாளர்கள் நான்கு பேர். சிந்தனை வேகம், கை-கண் வேகம், கூர்ந்து பார்த்தல், புதிர், உடல்திறன், பொது அறிவு என்று சுற்றுகள்.

இதில் நம் மனதைக் கவர்வது மதிப்பெண் முறை. பல ஆண்டுகள், பொது அறிவு தவிர மற்ற ஒவ்வொரு சுற்றிலும் முதலிடத்துக்கு 10, அடுத்தடுத்து 6, 4, 2 என்றே கொடுத்தார்கள். ஓட்டத்தில் ஒரு நொடி முந்தினாலும் 10தான், ஒரு நிமிடம் முந்தினாலும் 10தான். ஆக, ஒரே திறமையை வைத்துக்கொண்டு யாரும் கோப்பையைத் தட்டிச் செல்ல முடியாது. நொடியையும் சரியான விடையையும் ஒரே தராசில் நிறுத்துவதற்கு இதைவிட எளிய வழி இருப்பதாகத் தெரியவில்லை.

ராணுவப் பயிற்சித் தடத்தில் நடந்த தடையோட்டத்தில் வயதையும் பாலினத்தையும் பார்த்துச் சிலரை முன்கூட்டியே ஓடவிட்டார்கள். அது சலுகை அல்ல, நியாயம்.

கடைசியில் வந்தது பொது அறிவு. பொத்தானை முதலில் அழுத்துபவருக்கே வாய்ப்பு. பின்தங்கியவரும் எட்டிப் பிடிக்கலாம் என்பதால், பார்ப்பவர்கள் இருக்கையை விட்டு எழவே மாட்டார்கள்.

பள்ளி விழாவுக்குப் பல சுற்றுப் போட்டி அமைக்கிறீர்களா? அந்த 10, 6, 4, 2 கணக்கை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.