பசுவின் சினைப் படமும் அதில் நேரும் பிழைகளும்

பசு சினைப்பட்டிருக்கிறதா என்பதை அல்ட்ராசவுண்டு யந்திரத்தின் உதவியால், கருவூட்டல் செய்த சுமார் 30-ஆம் நாளிலேயே அறியலாகும். தாம்பரத்தையடுத்த அஸ்தினாபுரம் போன்ற இடங்களில் இரண்டொரு கறவைப் பசுக்களை வைத்துப் பிழைப்பவருக்கு இது பெருத்த சகாயம். ஆனால் படம் பிசகினால் நஷ்டம் சிறிதன்று. சினைப்பசுவை வெறும் பசுவென்று கருதிப் பருவத்துக்கு வரச் செய்யும் பிராஸ்டாகிளாண்டின் ஊசியைப் போட்டால் கரு கலைந்துவிடும்.

யந்திரம் ஆழத்தை நேரே அளப்பதில்லை. சப்த அலையை அனுப்பி, எதிரொலி திரும்பும் காலத்தைக்கொண்டு கணக்கிடுகிறது. உடலெங்கும் சப்தத்தின் வேகம் வினாடிக்கு 1,540 மீட்டர் என்பதே அதன் கணக்கு. கொழுப்பில் வேகம் சுமார் 1,450 மீட்டரே. ஆதலால் 10 செ.மீ. கனமுள்ள கொழுப்பு, படத்தில் ஏறக்குறைய 10.6 செ.மீ. எனத் தோன்றும். எதிரொலிகள் முன்பின்னாக வந்து பிம்பம் மங்குவதுமுண்டு. புதிய யந்திரங்களிற் சில இக்கால வித்தியாசத்தைக் கணித்துச் சரிக்கட்டுகின்றன. பல கோணங்களில் எடுத்த பிம்பங்களை ஒன்றுசேர்ப்பதும் ஓர் உபாயம்.

எனினும் மாட்டுக் கொட்டிலில் முதற் சத்துரு காற்றுதான். மலக்குடலில் சாணமும் காற்றும் தங்கினால் அலை உட்செல்லாது. சம இடைவெளியில் பொய்க்கோடுகளே அடுக்கடுக்காய்த் தெரியும். இதை யந்திரம் திருத்தாது. சாணத்தை முற்றும் அகற்றி, ஜெல் தடவிய கருவியைக் குடற்சுவரோடு ஒட்டிப் பிடித்தலே பரிகாரம். சிறுநீர்ப்பையைக் கருப்பை நீரென்று மயங்காமலும் பார்க்கவேண்டும். சந்தேகமுள்ள பசுவுக்கு ஊசி போடுமுன், பத்து நாள் கழித்து மறுபடி படமெடுக்கும்படி கால்நடை வைத்தியரைக் கேட்டுக்கொள்க.