வளரும் ஊரும் வரத்துக்காலும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தென்காசி சாலையில் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது ராஜபாளையம். விருதுநகர் மாவட்டத்தில் வேகமாக வளர்ந்த ஊர்களில் இதுவும் ஒன்று. ஊர் வளர்ந்தால் அதைச் சுற்றியுள்ள விவசாயிக்கு லாபமா, நஷ்டமா? இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

பருத்தியால் வளர்ந்த ஊர்

சுற்றுவட்டாரக் கரிசலில் விளைந்த பருத்திதான் ராஜபாளையத்தின் வளர்ச்சிக்கு விதை. பி.ஏ.சி.ராமசாமி ராஜா 1936-ல் ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன்பின் நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான பேண்டேஜ் துணி நெசவு வளர்ந்தது. தளவாய்புரத்தில் ஆயத்த ஆடைத் தொழில் பெருகியது. வானம் பொய்த்த ஆண்டுகளில் விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு மில் கூலி கைகொடுத்தது.

ஆனால் மில் வளர்ந்த அளவுக்குப் பருத்தி வளரவில்லை. தமிழ்நாட்டு மில்களுக்கு வேண்டிய பஞ்சில் ஒரு சிறு பங்குதான் இன்று தமிழ்நாட்டில் விளைகிறது. மற்றது வெளி மாநிலங்களிலிருந்து வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எஸ்.வி.பி.ஆர். என்ற பெயரில் வந்த ரகங்கள் இங்கு உருவானவையே. பருத்தி போட நினைப்பவர்கள் விதை வாங்குமுன் இந்நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லை தாண்டிய வளர்ச்சி

2001-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ராஜபாளையம் நகராட்சியின் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம். 2011-ல் அது 1 லட்சத்து 30 ஆயிரம். பத்து ஆண்டில் எல்லைக்குள் கூடியவர்கள் 8 ஆயிரம் பேர்தான். இதைப் பார்த்து ஊர் வளரவில்லை என்று நினைக்கக்கூடாது. ஊருக்குள் இடம் இல்லாததால், வீடுகள் சுற்றியுள்ள ஊராட்சிகளின் புஞ்சைகளிலும் தோப்புகளிலும் எழும்புகின்றன. மதுரை சாலை, தென்காசி சாலை, முடங்கியாறு சாலை எங்கும் மனைக்கற்களைப் பார்க்கலாம்.

நேற்றுவரை சப்பட்டையும் பஞ்சவர்ணமும் காய்த்த மாந்தோப்பு இன்று மனைப்பிரிவாகிறது. விற்பதும் விற்காமலிருப்பதும் நிலத்துக்குரியவர் விருப்பம். கடனும் கல்யாணச் செலவும் உள்ளவரை விற்காதே என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒருவர் விற்பதால் கீழே உள்ள ஐம்பது பேரின் வயலுக்குத் தண்ணீர் நின்றுபோகக்கூடாது.

கண்மாய்க்கு வழி எது?

இந்த வட்டாரத்தில் மழையை நம்பியே கண்மாய். கண்மாயை நம்பியே நஞ்சை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலையிலிருந்து ஓடைகளில் இறங்கும் தண்ணீர், வரத்துக்கால் வழியாக ஒரு கண்மாயை நிரப்பி, கலுங்கு வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் கீழ்க்கண்மாய்கள் அத்தனையும் காய்ந்துவிடும்.

வரத்துக்காலில் ஆண்டுக்குச் சில நாட்களே தண்ணீர் ஓடும். மற்ற நாட்களில் அது வெறும் பள்ளமாகத் தெரியும். மனை போடுகிறவர் மண்ணைக் கொட்டி மேவிவிடுகிறார். மேலே சாலை வருகிறது. பெருமழை பெய்யும்போதுதான் வினை தெரிகிறது. புதிய வீடுகளுக்குள் தண்ணீர் புகுகிறது. கண்மாயோ வறண்டு கிடக்கிறது. நட்டம் இரு தரப்புக்கும்தான்.

தண்ணீர் வருவதற்கு மட்டுமல்ல, வடிவதற்கும் வழி வேண்டும். இதற்குத் தென்கிழக்குத் துருக்கியில் ஒரு பாடம் இருக்கிறது. அங்கே ஷான்லிஉர்பா நகரை ஒட்டிய ஹர்ரான் சமவெளிக்கு 1995-ல் அதாதுர்க் அணையிலிருந்து தண்ணீர் வந்தது. பருத்தி பெருகியது, நகரமும் பெருகியது. ஆனால் வடிகால் போதாமல், அளவுக்கு மீறிப் பாய்ச்சியதால், தாழ்வான வயல்களில் நிலத்தடி நீர் உயர்ந்து உப்புப் பூத்தது. பெரிய அணை கட்டியவர்களுக்கே வடிகாலை மறந்ததால் வந்த வினை அது. நம் ஊர்களில் கழிவுநீர் கண்மாயில் சேர்ந்தால் இதே கதிதான். ஆகாயத்தாமரை படரும், மண் கெடும். அப்படிப்பட்ட தண்ணீர் பாயும் வயலில் கீரை, காய்கறி போடவேண்டாம்.

மனைக்கு விற்குமுன்

1. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் பாருங்கள். ஓடை, வாய்க்கால், பாதை எந்தச் சர்வே எண்ணில் போகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது புறம்போக்கானால் யாரும் விற்கமுடியாது. பட்டா நிலத்தின் வழியே தண்ணீர் போனால், அந்தப் பாத்தியதையைப் பத்திரத்திலேயே எழுதிவையுங்கள்.

2. விவசாய நிலத்தை மனையாக மாற்ற ஊரமைப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் அவ்வாண்டு அக்டோபர் 20-க்கு முன் பிரித்த மனைகளை வரன்முறைப்படுத்த 2017-ல் விதிகள் வந்தன. அனுமதி வாங்கித் தருகிறேன் என்ற வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் வாங்கிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

3. தேசிய நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கப்பட்டால், கிணறு, மரம், குழாய் எல்லாம் மதிப்பில் சேர்ந்திருக்கிறதா என்று சரிபாருங்கள். தொகை போதவில்லையென்றால் நடுவரிடம் முறையிடச் சட்டத்தில் இடம் உண்டு.

4. வரத்துக்கால் மேவப்பட்டால் மழைவரை காத்திராமல், ஆயக்கட்டுதாரர்கள் சேர்ந்து மனு எழுதி, மாதந்தோறும் ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். கண்மாய் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. தனி ஆளாகப் போவதைவிடப் பத்துப் பேராகப் போவதற்குப் பலன் அதிகம்.

நகரமே சந்தை

விற்காமல் நிலத்தை வைத்திருப்பவருக்கு, பக்கத்தில் வளரும் நகரம் ஒரு நல்ல சந்தை. நகரத்துக்கு நாள்தோறும் கீரை, காய், பால், பூ வேண்டும். சிறுகீரை 25 நாளில் அறுவடைக்கு வரும். உழவர் சந்தையில் தாமே கொண்டுபோய் விற்றால் இடைத்தரகு இல்லை.

பாலுக்கும் இங்கே தனி மவுசு. பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பசுவோ எருமையோ இரண்டு வைத்திருப்பவர் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் போட்டுக்கொள்ளலாம். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில். அதன்பின் 45 நாளுக்கு ஒருமுறை. பத்து சென்ட் போட்டால்கூட தீவனச் செலவு குறையும்.

கண்மாய் வற்றியிருக்கும் கோடையில் வண்டல் அடியுங்கள். 2024 முதல் இதற்கு வட்டாட்சியரே அனுமதி தருகிறார். ஏக்கருக்கு நஞ்சையானால் 75 கனமீட்டர், புஞ்சையானால் 90 கனமீட்டர் வரை இலவசமாக எடுக்கலாம். வயலுக்கு உரம், கண்மாய்க்கு ஆழம்.

ஊர் வளர்வதை யாராலும் தடுக்கமுடியாது, தடுக்கவும் வேண்டியதில்லை. மில்லும் சந்தையும் சாலையும் நமக்கும் பயன்தான். ஆனால் வீடு கட்ட மேட்டு நிலம் எத்தனையோ உண்டு. தண்ணீர் ஓட உள்ளது அந்த ஒரு பள்ளம்தான். ஐப்பசி மழைக்கு முன் ஒரு நாள், மண்வெட்டியோடு நாலு பேர் கிளம்பி, கண்மாயிலிருந்து மேல்நோக்கி வரத்துக்காலை நடந்து பாருங்கள். எங்கே அடைத்திருக்கிறது என்று கண்ணால் கண்டபின் செய்யவேண்டியது தானே தெரியும்.